பயிற்சியாளரின் கடிதம்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வகுப்பு முழுவதற்கும் மைசூர்பாகு கொண்டுவந்தாள். அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில் வாழும் அவளுடைய பெரியம்மாவின் மகனுக்கு ஒரு சிறிய கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர் கடிதம் எழுதியிருக்கிறாராம். "உன் ஆட்டத்தைக் கண்டோம். எங்கள் அணிக்கு நீ வேண்டும்" என்று அதில் இருந்ததாம். பெரியம்மா மகிழ்ச்சி தாங்காமல் தொலைபேசியில் உறவினர் அனைவருக்கும் சொல்லிவிட்டார்: பிள்ளைக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்துவிட்டது, இனிக் கல்லூரிச் செலவைப் பற்றிக் கவலையில்லை என்று.

மூன்று வாரம் சென்று அதே கல்லூரியிலிருந்து கட்டண விவரம் வந்தது. தங்கும் செலவும் உணவும் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். விளையாட்டு உதவித்தொகை என்ற வரியே அதில் காணப்படவில்லை. பெரியம்மா அன்று இரவு உணவு உண்ணவில்லையென்று தோழி சொன்னாள். இனிப்புத் தின்ற கடனுக்காவது இதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று. நூலகத்துச் சிஸ்டரின் துணையோடு படித்தும் கேட்டும் நாங்கள் அறிந்ததே இக்கட்டுரை.

தோழியரே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கால்பந்து என்றதும் நம் கண்முன் வரும் உருண்டைப் பந்து ஆட்டம் அன்று இது. அதை அமெரிக்கர் 'சாக்கர்' என்பர். அவர்கள் 'ஃபுட்பால்' என்று அழைப்பது, இரு முனையும் கூர்மையான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், எதிரே வருபவனைத் தள்ளி வீழ்த்துவதுமான முரட்டு ஆட்டம். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் அணிந்துதான் களத்தில் இறங்குவார்கள். காலுக்கு வேலை மிகக் குறைவு. பெயர் மட்டும் கால்பந்து! களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவரே நிற்கின்றனர். ஆனால் முன்னேறித் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுத்து நிறுத்துவதற்கு வேறு பதினொருவர், பந்தை உதைப்பதற்கென்று தனி ஆள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள், மாற்று ஆளுக்கும் மாற்று ஆள் என்று ஓர் அணியில் நூறு பேர் இருப்பது சாதாரணம். இந்த நூறு என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப்போகும் கதையெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கல்லூரிகளுக்கிடையே இவ்வாட்டம் முதன்முதலாக 1869 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை வென்றது. பிறகு ஆட்டம் வளர வளர முரட்டுத்தனமும் வளர்ந்தது. இளைஞர்கள் களத்திலேயே உயிரிழந்தனர். 1905 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கண்டிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. மறு ஆண்டு கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. இன்று என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதுதான். விளையாட்டுத் திறமைக்காக மட்டுமே ஒரு மாணவனுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்று அச்சங்கம் 1956 இல் ஏற்றுக்கொண்டது. 1973 இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. பெரியம்மாவின் கண்ணீருக்குக் காரணம் இந்த மூன்று பிரிவுகளே.

முதற்பிரிவின் உச்சியிலுள்ள பெரிய பல்கலைக்கழகங்களைத்தான் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அங்கே 2024-25 கல்வியாண்டு வரை ஒரு கல்லூரி 85 கால்பந்து வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம் என்று வரம்பு இருந்தது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, அதில் சேரச் சம்மதித்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்துள்ளது. வருமானத்தில் ஒரு பங்கையும் வீரர்களுக்கு நேராகவே தரலாம். கோடிக்கணக்கான டாலர் புழங்கும் அந்த உலகம் நமக்கு இங்கே தேவையில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளில் இவ்வாட்டம் ஆடும் பையன்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே கல்லூரி அணி எதிலாவது இடம் பெறுகின்றனர். அந்த ஏழு பேரிலும் பலர் போய்ச் சேருவது நாம் பெயர்கூடக் கேட்டிராத சிறு கல்லூரிகளில்தான்.

இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்று கால்பந்துக்கு 36 உதவித்தொகை வரை தரலாம். என்.ஏ.ஐ.ஏ. என்னும் மற்றொரு சங்கத்தைச் சேர்ந்த சிறு கல்லூரிகளுக்கு வரம்பு 24. மூன்றாம் பிரிவுக்கு வரம்பு என்ன தெரியுமா? பூச்சியம். விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. பெரியம்மா மகனுக்குக் கடிதம் எழுதியது மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அந்தப் பயிற்சியாளர் கடிதத்தில் பொய் எதுவும் எழுதவில்லை. 'உதவித்தொகை' என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லையாம். அதைப் படித்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

36 உதவித்தொகை என்றால் 36 பையன்கள் இலவசமாகப் படிக்கிறார்கள் என்று நாங்களும் முதலில் நினைத்தோம். அது தவறு. அது 36 முழுத் தொகைக்குச் சமமான பணம். அதைப் பயிற்சியாளர் தம் விருப்பம்போல் பங்கிடலாம். சிஸ்டர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தாறால் பெருக்கினால் 10,80,000 டாலர். நூறு பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 10,800. ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முக்கால் பங்கு கிடைக்கலாம். வரிசையில் நின்று மோதும் பருமனான பையனுக்குப் பாதி கிடைக்கலாம். மற்றொருவனுக்குப் புத்தகம் வாங்கும் காசு மட்டுமே கிடைக்கலாம். பலருக்கு ஒன்றும் இராது. ஆனால் ஊரில் எல்லோரும் "உதவித்தொகையில் படிக்கிறான்" என்று ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். ஒரு சிற்றப்பத்தை நூறு பேர் பங்கிட்டுக்கொண்டு, நூறு வீட்டிலும் விருந்து என்று சொல்வது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பணம் பெரும்பாலும் ஓராண்டுக்கே எழுதித் தரப்படுகிறது. அந்த ஆண்டுக்குள் ஆட்டம் சரியில்லை என்றோ அடிபட்டது என்றோ குறைக்க முடியாது. ஆனால் மறு ஆண்டு புதுப்பிப்பார்களா என்பது வேறு கேள்வி. புதிய பயிற்சியாளர் வந்தால் அவருக்குப் பிடித்த பையன்கள் வேறாக இருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு துயர வரலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர் 1955 இல் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். அவர் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், மணமானவர். வேலையின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு தமக்கும் வேண்டும் என்று அவருடைய மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்லர் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957 இல் தீர்ப்பளித்தது. வீரர்களைக் கூலி பெறும் ஆட்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொற்றொடரைத் தாங்கள் அந்நாளில் உருவாக்கிப் பரப்பியதாக, சங்கத்தின் தலைமை நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வால்ட்டர் பையர்ஸ் பின்னாளில் தம் நூலில் ஒப்புக்கொண்டார். கேட்பதற்கு எவ்வளவு அழகான சொல்! அதன் பின்னே ஒரு விதவையின் மனு இருக்கிறது.

சரி, மூன்றாம் பிரிவில் ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும், ஆனால் வேறு வாசல் வழியாக. நல்ல மதிப்பெண்ணுக்குக் கல்லூரி பணம் தரலாம். குடும்ப வருமானம் குறைவாயின் அதற்கும் தரலாம். கட்டளை யாதெனில், பந்து ஆடத் தெரியும் என்பதை அதில் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆட்டக்காரர்களுக்குத் தந்த தொகை, மற்ற மாணவர்களுக்குத் தந்ததைவிட மிகுந்துவிட்டதா என்று சங்கம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறது. தவிரவும், அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் அறிவிக்கும் கட்டணம் ஒன்று, வாங்கும் கட்டணம் ஒன்று. முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடியாகிறது. நம் ஊர் ஜவுளிக் கடைகளில் ஆடி மாதம் விலைச் சீட்டில் கோடு போட்டு அடித்திருப்பார்களே, அதுபோலத்தான். "உங்களுக்கு ஆண்டுக்கு இருபத்தையாயிரம் டாலர் வெகுமதி" என்று கடிதம் வரும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே கடிதம் வந்திருக்கும்.

அப்படியானால் பணம் தர முடியாத பயிற்சியாளர் எதற்காக ஊர் ஊராகச் சென்று பையன்களை அழைக்கிறார்? இங்கேதான் அந்த நூறு என்னும் எண் வருகிறது. ஆயிரம் மாணவர் படிக்கும் சிறு கல்லூரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தள்ளுபடி போக ஒவ்வொரு மாணவனும் இருபதாயிரம் டாலர் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கால்பந்து அணி நூறு பேரைக் கொண்டுவந்தால் இருபது லட்சம் டாலர்! அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களின் தொகை ஆண்களைவிட மிகுந்து பல ஆண்டுகளாகின்றன. ஆகவே பையன்களைச் சேர்க்கக் கால்பந்தைப் போல வேறு வழி இல்லை என்று பல கல்லூரிகள் கருதுகின்றன. மிச்சிகனில் உள்ள ஏட்ரியன் கல்லூரி 2005 க்குப் பிறகு விளையாட்டு அணிகளைப் பெருக்கியே மாணவர் தொகையை உயர்த்தியது. அதன் தலைவர் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரிய பல்கலைக்கழகங்களில் வீரன் கல்லூரியிடம் பணம் பெறுகிறான். சிறு கல்லூரிகளிலோ வீரனின் தந்தைதான் கல்லூரியைத் தாங்குகிறார்.

எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை. அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம்-சதர்ன் என்ற பழைய கல்லூரி முதற்பிரிவிலிருந்து விலகி மூன்றாம் பிரிவில் சேர்ந்து, 2007 இல் மீண்டும் கால்பந்து அணி தொடங்கிற்று. கடன் தீரவில்லை. 2024 மே 31 அன்று கல்லூரியே மூடப்பட்டது.

வீரர் சேர்ப்பு நடக்கும் விதத்தையும் சற்றுக் கூறவேண்டும். பையன்கள் தங்கள் ஆட்டத்தில் சிறந்த கட்டங்களை மட்டும் வெட்டி ஒட்டி மூன்று நான்கு நிமிடப் படமாக்கி அனுப்புகின்றனர். பிழைத்த ஆட்டம் எதுவும் அதில் இராது. (நாமும் திருப்புதல் தேர்வு விடைத்தாள்களில் நல்ல பக்கத்தை மட்டும் வீட்டில் காட்ட விரும்புகிறோம் அல்லவா!) கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு எண்ணிக்கை கொடுக்கப்படுவதும் உண்டு. ஒரே கடிதம் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போகிறது. அதன் பிறகு பையனையும் பெற்றோரையும் கல்லூரிக்கு அழைத்து விடுதியைக் காட்டி, பெயர் பொறித்த சட்டையை அணிவித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சட்டையைப் போட்ட பையனிடம் கட்டண விவரத்தைப் பற்றி யார் பேச முடியும்? மூன்றாம் பிரிவில் சேர்வதாக ஒரு தாளில் கையெழுத்திட்டு விழாவும் கொண்டாடலாம். ஆனால் அந்தத் தாள் விளையாட்டு விஷயத்தில் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தாது.

இவ்வளவு படித்த பிறகு சிறு கல்லூரிக் கால்பந்தே ஏமாற்று வேலை என்று நாங்கள் முடிவுகட்ட இருந்தோம். அப்போதுதான் சிஸ்டர் ஜான் கல்யார்டி என்பவரைப் பற்றிப் படிக்கச் சொன்னார்.

மினசோட்டா மாநிலத்தில் காலேஜ்வில் என்ற ஊரில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1857 இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் உள்ளது. இளங்கலை வகுப்பில் ஆண்கள் மட்டுமே. சில கிலோமீட்டர் தொலைவில் அதே சபைச் சகோதரிகள் 1913 இல் தொடங்கிய செயின்ட் பெனடிக்ட் பெண்கள் கல்லூரி இருக்கிறது. இரு கல்லூரி மாணவர்களும் வகுப்புகளில் சேர்ந்தே படிக்கின்றனர். செயின்ட் ஜான்ஸ் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அங்கே 1953 முதல் 2012 வரை அறுபது பருவங்கள் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் கல்யார்டி. அவர் பயிற்சியளிக்கத் தொடங்கியதே ஒரு விந்தை. போர்க்காலத்தில் அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் இராணுவத்துக்குப் போய்விட்டதால், 1943 இல் பதினாறே வயதில் தம் பள்ளி அணியைத் தாமே பயிற்றுவிக்க வேண்டியதாயிற்று. நம்மைவிட ஒரே வயது மூத்தவர்!

அவருடைய முறையைக் கேட்டால் நம்பவே முடியாது. பயிற்சியின்போது ஒருவரையொருவர் தள்ளி வீழ்த்தக் கூடாது. ஊதல் கிடையாது. கடுமையான தேகப்பயிற்சி கிடையாது. பயிற்சி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. 'கோச்' என்று அழைக்கக் கூடாது. 'ஜான்' என்றே அழைக்க வேண்டும். நல்ல வானிலையுள்ள நாளில் வீரர்களைப் புல்லில் மல்லாந்து படுக்கச் சொல்லி, "என்ன அருமையான நாள்!" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லச் சொல்வாராம். அதுவும் ஒரு பயிற்சி! (நம் பி.டி. வகுப்பில் இதைச் செய்து பார்க்க அனுமதி கேட்டோம். விடை இன்னும் வரவில்லை.) எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட வந்த எவனையும் அவர் அணியிலிருந்து நீக்கியதில்லை. அதனால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அணியில் இருந்ததுண்டு. அவர் பெற்ற வெற்றிகள் 489. கல்லூரிக் கால்பந்தில் வேறு எந்தப் பயிற்சியாளரும் இதுவரை அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1963, 1965, 1976, 2003 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகைப்பட்டமும் பெற்றார். 2003 இறுதி ஆட்டத்தில் அவர் அணி வீழ்த்திய மவுன்ட் யூனியன், அதற்கு முன் தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாதது. கல்யார்டி 2018 இல் காலமானார்.

விளையாட்டுப் பணம் இல்லாததனால் ஒரு விடுதலையும் இருக்கிறது என்பதை இவரைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தோம். மூன்றாம் பிரிவு மாணவன் இரண்டாம் ஆண்டில் "எனக்கு வேதியியல் செய்முறை வகுப்பு இருக்கிறது, இனி ஆடவில்லை" என்று சொல்லிவிட்டு நடந்தால், அவன் பெறும் உதவியில் ஒரு டாலரும் குறையாது. அது பந்துக்காகத் தரப்பட்டதன்று. முழங்கால் முறிந்தாலும் அப்படியே. இரண்டாம் பிரிவில் ஐயாயிரம் டாலருக்கு ஆடுபவன் அவ்வாறு சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பெண்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிறைய உண்டு. இரண்டாம் பிரிவில் கால்பந்துக்கு 36 என்று பார்த்தோம். அதே பிரிவில் பெண்கள் கூடைப்பந்துக்கு 10, பெண்கள் வாலிபாலுக்கு 8. நூறு பேர் சேர்ந்து ஆடும் பெண்கள் ஆட்டம் எதுவுமில்லை. அரசின் உதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. 'ஒன்பதாம் தலைப்பு' என்பது அதன் பெயர். முப்பத்தேழே சொற்கள் கொண்ட அதன் முதன்மை வாக்கியத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் விளைவாக, வீரர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, விளையாட்டு உதவித்தொகையிலும் ஏறக்குறைய அத்தனை பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும் என்றாயிற்று. நூறு பையன்களுக்காகக் கால்பந்து தொடங்கும் கல்லூரி, பெண்களுக்கு எத்தனை அணி இருக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். சில கல்லூரிகள் ஆண்களின் மல்யுத்த அணியைக் கலைத்துவிட்டுப் பழியைப் பெண்கள்மீது போட்டன. கால்பந்தில் இருபது பேரைக் குறைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அங்கே செல்வாக்கில்லை. இது நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இனிப் பெரியம்மா மகனின் கதைக்கு வருவோம். நாங்கள் சிஸ்டருடன் அமர்ந்து சில கேள்விகள் எழுதினோம். தோழி அவற்றைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். அவன் பயிற்சியாளரை அழைத்துக் கேட்டான். பெரியம்மா பக்கத்திலேயே நின்றாராம். சென்ற முறை முதலாண்டில் சேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை பேர், அவர்களில் இன்னும் அணியில் இருப்பவர் எத்தனை பேர்? என் இடத்தில் ஆட ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீங்கள் உதவி என்று சொல்லும் தொகையில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு? மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் உதவி நிற்கும்? நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அப்பா கட்ட வேண்டியது எவ்வளவு?

பயிற்சியாளர் நல்ல மனிதர் போலும். ஒன்றையும் மறைக்கவில்லை. ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்ததில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்றார். அவன் ஆட விரும்பும் இடத்துக்கு ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கிறார்களாம். கடனைப் பற்றிய கேள்விக்கு மட்டும், அதை உதவித்தொகை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்று எண் கொடுத்தார். பெரியப்பா அந்த அலுவலகத்தில் பேசியபின் ஒரு தாளில் கணக்கெழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாராம். அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சேர்ந்தால் செலவு குறைவு. ஆனால் ஆட முடியாது. அவனுக்கோ ஆட வேண்டும்.

மே மாதம் முதல் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கிடையில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்தும் அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். அதைச் சொன்ன தோழியிடம் இனிப்பு எங்கே என்று எல்லோரும் கை நீட்டினோம். தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் வரும்வரை மைசூர்பாகு கிடையாது என்று கூறிவிட்டாள்.